மாமனார் வாபஸ்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவனுடைய பிழைப்பு. துணிக்கடை லிஃப்ட், ஆஸ்பத்திரி லிஃப்ட், ஒருமுறை இரண்டு கட்சி வக்கீல்களோடும் நடுவழியில் நின்றுபோன கோர்ட்டு லிஃப்ட் என்று எத்தனையோ பெட்டிகளிலிருந்து ஆட்களைச் சேதாரமில்லாமல் இறக்கிவிட்டிருக்கிறான். அப்பேர்ப்பட்ட மெக்கானிக்குக்கு, சொந்தக் காலில் நடக்கிற ஒரு மாமனாரை, கதவு திறந்தே கிடந்த ஒரு கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

மாமனார் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். எரிகிற கட்டடங்களுக்குள் எல்லாம் புகுந்து திரும்பியவர், கடைசியில் குளியலறை சோப்புத் துண்டில் கால் வைத்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த டாக்டர், "வீட்டுல வச்சுப் பார்க்கறது கஷ்டம். தேறுதல் இல்லத்துல கொஞ்ச நாள் விடுங்க, நடக்க வச்சு அனுப்புவாங்க" என்றார். விட்டார்கள். நடக்க வைத்தும் விட்டார்கள். அனுப்புவதில்தான் சிக்கல் வந்தது.

"தாத்தா ஜம்முனு நடக்கறார், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று பயிற்சி கொடுப்பவர் ஃபோன் செய்தது வியாழக்கிழமை. மெக்கானிக்கின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். "நீங்க முன்னாடி போய் பேப்பர் வேலையை முடிச்சு வைங்க. நான் பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு நேரா வாசலுக்கு வந்து அப்பாவை ஏத்திக்கிறேன்" என்றாள். எளிமையான திட்டம். அவனும் வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வாரிய தலையோடு போய் நின்றான்.

தேறுதல் இல்லத்துக்கு அண்மையில்தான் ஏதோ உலகத்தரச் சான்று கிடைத்திருந்தது. வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. அதன் கீழே ஒரு பலகை: "கோரிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே ஏற்கப்படும்." அந்தப் பலகை தமிழில் இருந்தது.

"வணக்கம்மா, என் மாமனார் விஷயமா வந்தேன்" என்றான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவசரமாக உதட்டில் விரலை வைத்தாள். மேஜைமேல் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அதைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "சார், என்ன வேணுமோ இங்கிலீஷ்ல சொல்லுங்க. இது காதுல விழுந்தாத்தான் கம்ப்யூட்டர் திறக்கும். எனக்குப் புரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றாள்.

"எனக்கு லிஃப்ட் இங்கிலீஷ்தானேம்மா தெரியும். அப், டவுன், ஓப்பன், க்ளோஸ்."

"தப்பு சரி பார்க்காம தைரியமா சொல்லுங்க சார்."

அவன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். எடுப்பதற்கு டேக். திரும்ப என்பதற்கு பேக். இதில் என்ன வித்தை இருக்கிறது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, கருவியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஐ டேக் பேக் மை மாமனார்" என்றான்.

விளக்கு பச்சையிலிருந்து நீலமானது. கம்ப்யூட்டரைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் வாடியது.

"அச்சச்சோ. ஏன் சார்?"

"ஏன்னா? நேரம் வந்துடுச்சில்லம்மா."

"என்ன குறைன்னு சொன்னாத்தான் சார் அடுத்த பக்கம் போகும்."

உடம்பைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்து அவன் அக்கறையாகவே சொன்னான். "குறைன்னா, இடது கால் லேசா இழுக்குது. ஒரு காது மந்தம். தூக்கத்துல 'தண்ணியத் திற, தண்ணியத் திற'ன்னு கத்துவார். பழைய வேலை ஞாபகம்."

"வீட்டுல எல்லாருக்கும் இது தெரியுமா?"

"தெரியாம என்ன? எல்லாத்தையும் யோசிச்சுத்தானே இந்த முடிவுக்கு வந்தோம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ தட்டினாள். உறவினர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கிற, இல்லத்தின் சின்னம் போட்ட சாவிக்கொத்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். "ஏத்துக்கிட்டாங்க சார். மனசைத் திடப்படுத்திக்குங்க. மேல போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே மெக்கானிக் முதல் மாடிக்குப் போனான்.

மாமனார் காலையிலேயே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஷூவுக்கு நாடா கட்டி, வாக்கரை முன்னால் நிறுத்திக் கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மணி அடித்தவுடன் வண்டியில் ஏறுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அவர் கையை ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆற்றுப்படுத்தும் அதிகாரியாம்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க ஐயா. நிறையக் குடும்பங்கள்ல நடக்கறதுதான்" என்றாள் அவள்.

மாமனார் கையை விடுவித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நடந்ததைப் பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். அவருக்கு அந்த மாடி முழுக்க ரேடியோ என்று பெயர். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஒலிபரப்பு நிற்காது. "வாங்க தம்பி. மாமனாரைத் திருப்பிக் குடுத்துட்டீங்களாமே. கால் இழுக்குது, காது கேக்கல, கத்தறார்னு மூணு காரணம் எழுதியிருக்கு. நாலு மணி வண்டியில நீண்டநாள் பிரிவுக்கு அனுப்பறாங்க. ஊருக்கு வெளிய. அங்க போனவங்க கடிதாசி போட்டதா இதுவரைக்கும் தகவல் இல்ல."

மெக்கானிக் கட்டிலருகே ஓடினான்.

"மாமா, நான் உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்!"

மாமனார் ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நான் ராத்திரி கத்தறது அவ்வளவு தொந்தரவாவா இருந்துச்சு?"

"ஐயோ மாமா, அந்தப் பொண்ணு கேட்டா, சொன்னேன்."

"கேட்டா சொல்லிடுறதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயில துணியைச் சுருட்டி வச்சிட்டாவது படுத்திருப்பேன்ல."

மெக்கானிக் படியிறங்கி ஓடினான்.

வரவேற்புப் பெண் கைக்குட்டையை மறுபடி கருவிமேல் போட்டாள். "என்ன சார் இது, டேக் பேக்னா கொண்டுவந்து திருப்பிக் குடுக்கறதுன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. நானும் பாவம்னு நினைச்சேன். துல்லிய அலுவலரைப் போய்ப் பாருங்க. சொல் சம்பந்தமானது எல்லாம் அவர்தான்."

துல்லிய அலுவலர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆறு அகராதிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. வெகுநாளாக யாரும் அவரைத் தேடி வரவில்லை போலிருக்கிறது.

"அருமையான சொல்லைத் தொட்டிருக்கீங்க. உட்காருங்க. நீங்க கடைக்குப் போய்ச் செருப்பை டேக் பேக் பண்ணலாம். கடைக்காரன் அதே செருப்பை உங்ககிட்ட இருந்து டேக் பேக் பண்ணிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் கொண்டுபோன ஏணியை டேக் பேக் பண்ணலாம். கோபத்துல சொன்ன வார்த்தையை டேக் பேக் பண்ணலாம். ஒரு பழைய பாட்டு உங்களைச் சின்ன வயசுக்கே டேக் பேக் பண்ணும். போறதும் அதே சொல், வர்றதும் அதே சொல்."

"அப்ப இங்கிலீஷ்காரங்க எப்படி சார் புரிஞ்சுக்கறாங்க?"

"அவங்க ஆளைப் பார்த்துப் புரிஞ்சுக்கறாங்க. எங்களுக்கு ஆளைப் பார்க்க அனுமதி கிடையாது."

"சார், நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்காவது தெரியுதில்ல?"

"எனக்கா? நீங்க மிதியடியில காலைத் துடைக்கும்போதே தெரியும்" என்றார் அவர் பெருந்தன்மையாக. "ஆனா புரிஞ்சுக்கறதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல. துல்லியத்துக்குத்தான் சம்பளம். போன மாசம் ஒரு அம்மா வந்து 'ஐ மிஸ் மை ஹஸ்பெண்ட்'னு அழுதாங்க. பக்கத்துக் கட்டில்லதான் அவர் படுத்திருந்தார். இருந்தாலும் ஆளைக் காணோம்னு பதிவு பண்ணி, கட்டடம் முழுக்கத் தேடினோம். விதியைப் பொறுத்தவரை அவர் இன்னும் கிடைக்கல."

மெக்கானிக் மணியைப் பார்த்தான். "இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"சொன்ன சொல்லை வாபஸ் வாங்கணும். அதுக்கு வித்ட்ரா. ரெண்டாவது மாடிக்குப் போங்க, கதவுலயே எழுதியிருக்கும்."

எழுதியிருந்தது. உள்ளே விளக்கு மங்கலாக எரிந்தது. மேஜைமேல் வெள்ளைப் பூக்கள், பக்கத்தில் மூக்குத் துடைக்கும் காகிதப் பெட்டி. எதிரே உட்கார்ந்திருந்தவர் பஞ்சில் சுற்றிய மாதிரிக் குரலில், "வித்ட்ரா பண்றதுக்கா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார். மாமனாருக்கு."

"குடும்பம் எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவா?"

"ஆமா சார். என் மனைவிதான் ரொம்பப் பிடிவாதமா இருக்கா. இன்னிக்கே முடிச்சாகணும்னு."

"இன்னிக்கேவா?"

"நாலு மணிக்கு வண்டி வந்துடுமே சார்."

அவர் தலையசைத்தார். "வண்டிக்கும் சொல்லிட்டீங்களா? பல பேர் கடைசி நேரத்துல அதை மறந்துட்டு அலைவாங்க."

"வீட்டுலயும் எல்லாம் ரெடி சார். ஹால்ல சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணியாச்சு. சொந்தக்காரங்களுக்கும் சொல்லியாச்சு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பார்க்கறாங்க."

"பெரியவருக்குத் தெரியுமா?"

"ஷேவ் பண்ணிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு, காலையில இருந்து காத்துக்கிட்டிருக்கார் சார்."

அந்த மனிதர் தம்முடைய காகிதப் பெட்டியிலிருந்து தாமே ஒரு காகிதத்தை உருவிக்கொண்டார். "இத்தனை பக்குவமான குடும்பத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. கவலைப்படாதீங்க, வலியே இருக்காது."

"யாருக்கு சார் வலி?"

"அவருக்குத்தான். முதல்ல மருந்தை நிறுத்துவோம். அப்புறம் ஆகாரம். அப்புறம் தண்ணி. தூங்கற மாதிரி இருக்கும்."

மெக்கானிக் நாற்காலி கவிழ எழுந்தான். எத்தனை அவசரத்திலும் லிஃப்டை மதிக்கிறவன், அன்றைக்குப் பொத்தானைத் தொடாமல் படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கினான்.

"இல்ல இல்ல, நீங்க 'வேர்ட்ஸ்'னு ஒண்ணு சேர்த்துச் சொல்லியிருக்கணும்" என்றார் துல்லிய அலுவலர் கொஞ்சமும் பதறாமல். "ஆளுக்கு வித்ட்ரான்னா சிகிச்சையை நிறுத்தறது, வார்த்தைக்கு வித்ட்ரான்னா வாபஸ். நல்லவேளை கையெழுத்துப் போடல. விடுங்க, வேற வழி இருக்கு. முன்னாடி ஒரு 'ரீ' போடுவோம். 'ரீ'ன்னா மறுபடி. மறுபடி எடுக்கறது ரீடேக். நேரா கடைசி அறை. அங்க இருக்கறவங்ககிட்ட ரீடேக்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து பேசாதீங்க."

கடைசி அறையில், கழுத்தில் ஊதல் தொங்க ஒரு அம்மாள் நின்றிருந்தாள். அவன் "ரீடேக்" என்றதும் கையில் ரப்பர் உறை மாட்டிவிட்டு, கட்டிலில் கிடந்த துணிப் பொம்மையைக் காட்டினாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான தேர்வாம். தேறாதவர்கள் மறுபடி எழுதும் நாளாம் அன்று. ஏற்கெனவே நாலு பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் பொம்மையைப் புரட்டினான், உட்கார வைத்தான், தலையைத் துவட்டினான். வாயைத் திறந்து எதையாவது கேட்கப் போனால் ஊதல் அடித்தது. பொம்மைக்கு மூன்றாவது தலையணையை வைக்கும்போது அந்த அம்மாள் பட்டியலில் அவன் பெயரைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"முதல் தடவை எப்ப எடுத்தீங்க? டேக் பண்ணினவங்கதானே ரீடேக் பண்ண முடியும்?"

"எதைம்மா?"

"யாருக்காக வந்தீங்களோ அவரை."

"மாமனாரையா? அவரை எங்கம்மா நான் எடுத்தேன்? பொண்ணைத்தான் எடுத்தேன். அவர் பொண்ணுக்கு அப்பாவா கூடவே வந்தவர்."

"அப்ப முதல் முயற்சியே இல்ல" என்று சொல்லி அவள் ஊதலை நீளமாக அடித்தாள். அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் ரப்பர் உறையோடு அவன் தாழ்வாரத்தில் நின்றபோது வாசலில் வேன் ஹாரன் கேட்டது. பிள்ளைகள் தாமதித்தால் அவள் அடிக்கிற அதே மூன்று ஹாரன்.

மனைவி படியேறி வந்தாள். "என்னங்க, பேப்பர் வேலை முடிஞ்சுதா? கையில என்ன இது?"

"பேப்பர் வேலையா? உங்கப்பாவையே முடிச்சிருப்பாங்க, கொஞ்சத்துல தப்பிச்சார்."

அவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. பாதியிலேயே, "யாரு இங்க பெரியவங்க?" என்று கேட்டாள். மெக்கானிக் வழி சொல்வதற்குள் இயக்குநர் அறைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

இயக்குநர் ஓங்குதாங்கான மனிதர். அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்கக் கேடயங்கள். கோபத்தோடு வருகிறவர்களுக்கென்றே தயாராக வைத்திருந்த புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பேசத் தொடங்கினார். மேடைத் தமிழ்.

"அம்மா, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த இல்லத்தின் ரிகவரி விகிதம் நூற்றுக்கு நூறு. உலகத்தில் எந்த நிறுவனத்துக்கும் இந்தப் பெருமை இல்லை."

"அப்படின்னா எல்லாரும் குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"வீட்டுக்கா?" இயக்குநர் சிரித்தார். "ரிகவர் என்பதற்கு அகராதியில் இரண்டு பொருள். ஒன்று, குணமாவது. மற்றொன்று, கைவிட்டுப் போன ஒன்றைத் திரும்பக் கைப்பற்றுவது. குணமாவது நோயாளியின் கையில் இருக்கிறது. அதை நம்பி ஒரு நிறுவனம் இயங்க முடியுமா? ஆகவே நாங்கள் இரண்டாவது பொருளில் கணக்கிடுகிறோம். போன வருடம் வாசல்வரை போன அத்தனை பேரையும் திரும்பக் கைப்பற்றிவிட்டோம். ஒருவர் பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டார். அவரையும் விடவில்லை. சான்று கொடுக்க வந்தவர்கள் கைதட்டினார்கள்."

"எங்கப்பாவை எங்கிட்ட குடுங்க. அவ்வளவுதான்."

"கொடுப்பது என்ற சொல் எங்களிடம் இல்லையம்மா. நாங்கள் எடுத்துக்கொள்ளும் நிறுவனம்."

நெரிசலில் குறுக்கே வந்த லாரிக்காரனையும் பேசியே பின்னால் போக வைக்கிறவள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஏதோ பெரிய வண்டி பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பார்த்துட்டாவது அனுப்பறேன் சார்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இரவலா குடுங்களேன்."

கோபத்திலும் அழுகையிலும் வந்த வார்த்தை அது. ஆனால் அகராதியோடு கதவருகே வந்து நின்ற துல்லிய அலுவலருக்கு அது தேன் மாதிரி காதில் பாய்ந்தது.

"ஐயா, இரவல் உண்டு! லென்ட். தள்ளுவண்டி, ஊன்றுகோல், வாக்கர் எல்லாம் ரெண்டு வாரத்துக்கு வீட்டுக்கு இரவல் தர்றோமே. விதியில 'உபகரணமும் அத்துடன் இணைந்தவையும்'னுதான் இருக்கு. பெரியவர் இப்ப வாக்கரோட இணைஞ்சுதான் நிக்கறார்."

இயக்குநர் யோசித்தார். வெளியே போகிற மனிதர் என்றால் ரிகவரி விகிதம் குறையும். வெளியே போகிற இணைப்பு என்றால் குறையாது. "இணைப்பு பத்திரமாகத் திரும்பி வரவேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

முதல் மாடியில் இரண்டு ஆட்கள் மாமனாருக்கு இருபுறமும் நின்று கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மகளைப் பார்த்ததும் அவர் வாக்கரை இறுகப் பிடித்தார்.

"அப்பா, அந்த வாக்கரை மட்டும் விட்டுடாதீங்க. கீழ போற வரைக்கும் ஒரு விரலைக்கூட எடுக்காதீங்க" என்றாள் அவள்.

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் பிடி என்றால் பிடித்தும், விடு என்றால் விட்டும் பழகியவர். வாக்கர் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். ரேடியோ மட்டும் கட்டிலில் இருந்தபடி, "போறீங்களா ஓய்? கேரம்ல நான் ஜெயிக்கற நேரம் பார்த்துக் கிளம்பறீங்களே" என்று கத்தினார். வாசல் மேஜையில் "வாக்கர் ஒன்று, இணைப்பு ஒன்று" என்று பதிந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாட்கள் மாமனார் மருமகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி வழக்கம்போல "தண்ணியத் திற!" என்று கத்தினார். கத்திவிட்டுத் தாமே விழித்து, வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் பக்கத்து அறையிலிருந்து, "திறந்தாச்சு மாமா, தூங்குங்க!" என்று குரல் கொடுத்தான். அப்புறம், "நல்லா முழுசாத் திறந்தியா மாப்ள?" என்றார். "முழுசாத் திறந்தாச்சு." அத்தோடு அந்தப் பிணக்குத் தீர்ந்தது.

தவணை முடிகிற சமயத்தில் மெக்கானிக் இரவலை நீட்டிக்கச் சொல்லி ஃபோன் செய்தான். வரவேற்புப் பெண்தான் எடுத்தாள். கைக்குட்டை போடுகிற சரசரப்புக் கேட்டது.

"சார், நீட்டிக்க முடியாது. வேற ஒருத்தர் பதிவு பண்ணியிருக்கார்."

"வாக்கருக்கா? அதைக் கொண்டுவந்து குடுத்துடறேம்மா. அவருக்கு இப்ப அது வேண்டாம்."

"வாக்கர் வேண்டாமாம் சார். இணைப்பு மட்டும் போதும்னு எழுதியிருக்கார். பக்கத்துக் கட்டில்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை அவரை நீண்டநாள் பிரிவுக்கு அனுப்பறாங்க. அதுக்கு முன்னாடி வேணுமாம்."

மெக்கானிக் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, ஷூவுக்கு நாடா கட்டத் தொடங்கினார்.

"மாமா, நீங்க எதுக்கு? திரும்பப் பிடிச்சு வச்சுப்பாங்க."

"அந்த ஆளு வாய் ஓயாமப் பேசறது எதுக்குன்னு நினைக்கிற? அவரைப் பார்க்க ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்ல. வண்டியை எடுக்கச் சொல்லு."

மூன்று பேரும் போனார்கள். போகிற வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மாமனார் வேனிலேயே இருந்தார். மெக்கானிக் வரவேற்பறையில் கருவியின் முன்னால் நின்றான். எந்தச் சொல்லைச் சொன்னால் எந்த மாடிக்கு அனுப்புவார்களோ என்று ஒரு அடி பின்னால் வந்தான். துல்லிய அலுவலரைக் கூப்பிட்டு, தமிழிலேயே, "சார், பக்கத்துக் கட்டில்காரரை நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றான்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்ல."

"இதுக்கு முன்னாடி அவர் உங்ககூட இருந்திருக்காரா?"

"இல்ல சார்."

துல்லிய அலுவலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அகராதியை மூடிவிட்டார். "அப்ப இதுல என்ன இருக்கு? 'பேக்' இல்ல, 'ரீ' இல்ல. வெறும் டேக். சொன்னாப் போதும்."

"டேக்" என்றான் மெக்கானிக்.

விளக்கு பச்சையாகவே இருந்தது. வரவேற்புப் பெண் இன்னொரு சாவிக்கொத்தை நீட்டினாள். நீட்டியவள், குரலைத் தணித்து, "சார், அவர் பதிவு பண்ணின இணைப்பு வாசல்ல வேன்லதானே இருக்கு? அதையும் அவர் பேர்லயே குடுத்ததா போட்டுடறேன். ஆள் உங்க கணக்கு, இணைப்பு ஆளோட கணக்கு. இனிமே யாரும் உங்களைக் கேக்கமாட்டாங்க" என்றாள். துல்லிய அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் உட்காருகிற தாழ்வான சீட்டில் முழங்கால் முகவாயில் முட்ட, மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு பேசுகிறவர், வேன் இரண்டு தெரு தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

பிறகு முன்னால் குனிந்து, "தம்பி, என்னை எப்ப கொண்டுவந்து விடுவீங்க? தேதி தெரிஞ்சா நல்லது" என்று கேட்டார்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்வதென்று அவனுக்குத் தமிழிலும் அகப்படவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணாடியில் பின் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, கியரை மாற்றி, தினமும் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிற அதே அதட்டலைப் போட்டாள்.

"ரெண்டு பேரும் கையை வெளிய நீட்டாம ஒழுங்கா உட்காருங்க."